மூன்று கேமராவையும் வேண்டாமென்றவள்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. நான் தேடிப் போனது மண்டையை உடைக்க ஒரு பொருளை.

வாரப் பத்திரிகையில் நான் எழுதிக்கொண்டிருக்கும் தொடரில், கதாநாயகன் ஒரு பழைய பிலிம் கேமராவால் வில்லனின் தலையில் ஓங்கி அடிக்க வேண்டும். எழுதும்போது கை நின்றுவிட்டது. அந்தக் கேமரா எவ்வளவு கனம் இருக்கும்? உடைவது தலையா, கேமராவா? வாசகர்களில் யாராவது ஒருவர் வீட்டில் அந்தக் கேமரா கட்டாயம் இருக்கும். அவர் கடிதம் போடுவார். ஆசிரியர் அதைப் பிரசுரித்துவிட்டுச் சிரிப்பார்.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் திருமலை என்று ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர். விடுமுறை நாட்களில் பெங்களூர் பழஞ்சந்தையில் கேமராக்களை அள்ளி வந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய வாடகை வீட்டு மாடிக்குப் போனேன். கேமராவைக் கையில் வாங்கியதும் கேட்டேன்.

"இதால அடிச்சா மண்டை உடையுமாங்க?"

திருமலை யோசித்தார். "உடையும் சார். ஆனா லென்ஸும் போயிடும். அப்புறம் அடிச்சவன்தான் உக்காந்து அழுவான்."

அந்த நேரத்தில்தான் அவள் படியேறி வந்தாள். கேமரா வாங்க வந்தவள். மூன்று கேமராக்களைப் பார்த்து, மூன்றிலும் கோளாறு என்று ஒதுக்கினாள்.

தொடர்கதைக்காரன் செய்யக்கூடாத ஒரு காரியத்தை இங்கே செய்கிறேன். முடிச்சை இப்போதே அவிழ்த்துவிடுகிறேன். கேமராக்களில் கோளாறு இல்லை. அவளுடைய வலது கண்ணில்தான் கோளாறு. அது அவளுக்கு அன்று வரை தெரியாது. அவள் செய்யும் வேலையோ, இருசக்கர வண்டிகளுக்கான பிரேக் சிலிண்டரின் உள்துவாரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து, இது நல்லது, இது கழிவு என்று பிரிப்பது.

இனி நீங்கள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பக்கங்களைப் புரட்டப்போகிறீர்கள். வேலை செய்யும் இடத்தில் அவள் இதைச் சொல்வாளா, மாட்டாளா?

எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

*தடார்! கதவு திறந்தது. உள்ளே நுழைந்தவளின் கண்களில் ஒரு*

இதை இங்கேயே நிறுத்தினேன். முதல் வரியிலேயே கண்ணைப் பற்றிப் பேசினால், எனக்கு முன்பே தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். (சொல்லிவிட்டேன், அது வேறு.)

*ஓசூரின் இதமான குளிரில், பூக்கள்*

இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் குளிரில்தான் தொடங்குகிறார்கள். மத்திகிரிப் பேருந்தில் ஷிப்டு முடிந்து நின்றுகொண்டே தூங்குகிறவர்களுக்குக் குளிராவது இதமாவது.

*சூளகிரி இறக்கம். ஒரு ஸ்கூட்டர். முன்னால் ஒரு குழந்தை கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்பாவின் விரல்கள் பிரேக்கை அழுத்துகின்றன. மறுபடியும் அழுத்துகின்றன. மறுபடியும்*

இது மட்டும் யோசிக்காமல் வந்தது. பேனா தானே ஓடியது. அதனாலேயே பயந்துபோய் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

3

நடந்ததை நடந்தபடி சொல்வதே நல்லது.

அவளை மோகனப்ரியா என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கம். இருபத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டாள். கூடவே தம்பி கௌதம். இருவரும் ஒரே தொழிற்சாலை. அக்காவின் மேஜைக்குத் தட்டுத் தட்டாகப் பாகங்களைக் கொண்டுபோய் வைப்பதுதான் அவன் வேலை.

திருமலை பாயின் மேல் ஒரு துண்டை விரித்து, கேமராக்களை அடுக்கினார். ஒன்று கறுப்பு. ஒன்று வெள்ளி. மூன்றாவது ரஷ்யாவில் செய்தது, செங்கல் மாதிரி. (வில்லனுக்கு அதைத்தான் மனதுக்குள் ஒதுக்கி வைத்தேன்.)

"மூணுமே தானா ஃபோகஸ் பண்ற கேமரா வர்றதுக்கு முன்னாடி வந்தது. இதுல எல்லாம் நீங்கதான் திருப்பணும். கேமரா உங்களுக்கு ஒரு உதவியும் பண்ணாது" என்றார், அதுதான் அதன் பெருமை என்பதுபோல.

"அதுக்குத்தான் அண்ணே வந்தேன்" என்றாள் மோகனப்ரியா. "போன்ல எடுத்தா போன்தான் எடுக்கு. நான் எடுக்கலை."

பிறகு அவள் பார்த்த விதம் இருக்கிறதே. ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் காட்டி லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். பின்கதவைத் திறந்து, வெளிச்சம் புகாமல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுரை பிசுபிசுக்கிறதா என்று விரலால் தொட்டாள். ஷட்டரை வேகமாகவும் மெதுவாகவும் வைத்து அழுத்தி, காதோரம் வைத்துக் கேட்டாள். வளையம் இறுகுகிறதா, வழுக்குகிறதா என்று திருப்பினாள்.

"எங்க அக்கா பொழப்பே இதான் அண்ணே" என்றான் கௌதம். "பொண்ணு பாக்க வந்த மாப்ளையைக்கூட, காதுக்குப் பின்னாடி கீறல் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டா."

"ஏல, சும்மா கெடல."

"எந்த செக்ஷன்மா?" என்றார் திருமலை.

"இன்ஸ்பெக்ஷன். பிரேக் சிலிண்டர் உள்துவாரம் பாக்கது."

"அய்யய்யோ. முடிஞ்சுது இன்னிக்கு என் வியாபாரம்."

எல்லாரும் சிரித்தோம்.

இந்தக் கேமராக்களைக் கையில் எடுக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். கண் வைக்கும் துளை வழியே பார்த்தால் நடுவில் ஒரு சிறிய வட்டம் தெரியும். அது குறுக்கே இரண்டாகப் பிளந்திருக்கும். எதிரே ஒரு ஜன்னல் கம்பியைப் பார்த்தீர்கள் என்றால், கம்பியின் மேல் துண்டு ஒரு பக்கம், கீழ்த் துண்டு ஒரு பக்கம் விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி வந்து ஒரே கம்பியாகும். அங்கே நிறுத்தி அழுத்தினால் படம் தெளிவு. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளையில் ஒரு கண்ணுக்குத்தான் இடம்.

மோகனப்ரியா கறுப்புக் கேமராவை வலது கண்ணில் வைத்தாள். திருப்பினாள். இன்னும் திருப்பினாள்.

"இது சேரலையே அண்ணே."

"மெதுவா திருப்பு தங்கச்சி."

"மெதுவாத்தான் திருப்புதேன். கம்பிக்குப் பக்கத்துலயே இன்னொரு கம்பி நிழலா நிக்கி."

வெள்ளியை எடுத்தாள். வலது கண். அதுவும் சேரவில்லை. ரஷ்யாவை எடுத்தாள். வலது கண். அதுவும்.

திருமலைக்கு முகம் மாறியது. "மூணுமா ஒரே மாதிரி கெட்டுப்போகும்? நேத்துதான் ஒவ்வொண்ணா பாத்து வெச்சேன்."

"சந்தேகம்னா கழிச்சுரணும் அண்ணே. எங்க ரூல் அது."

கௌதம் கறுப்பை வாங்கிப் பார்த்தான். "யக்கா, சேருதே. நல்லாவே சேருது. நீ தலையை ஆட்டாம பாரு."

என்னிடம் நீட்டினார்கள். மூக்குக் கண்ணாடியோடு பார்த்தேன். எனக்கும் சேர்ந்தது.

அவள் கேமராவை என் கையிலிருந்து வாங்கினாள். இந்த முறை இடது கண்ணில் வைத்தாள். வளையத்தில் இருந்த விரல்கள் நின்றன. வலதுக்கு மாற்றினாள். மறுபடி இடது. மறுபடி வலது. பிறகு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல அதைத் துண்டின் மேல் வைத்தாள்.

"சேருதா?" என்றார் திருமலை.

"சேருது."

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள். "கடைசியா எப்ப சரியா இருந்துச்சு?"

"எது? கேமராவா?"

அவள் எழுந்து வெளியே போனாள். வாசலில் தம்பியின் செருப்பை மாட்டிக்கொண்டு அரைப் படி இறங்கிவிட்டாள்.

"யக்கா, அது என் செருப்பு!"

4

(இங்கே ஒரு சந்தேகம். பாத்திரத்தின் மேலல்ல, என் மேல். இதுவரை நான் எழுதிய எந்தப் பெண்ணும் செருப்பு மாற்றிப் போட்டதில்லை. என் நாயகிகள் பதற்றத்தில் உதட்டைக் கடிப்பார்கள், அல்லது கதவில் சாய்வார்கள். ஆகவே செருப்பு நிஜமாக நடந்ததுதான். மற்றவற்றில் எவ்வளவு நிஜம் என்று எனக்கே நீங்கள் நினைக்கிற அளவுக்கு உறுதி இல்லை.)

தொழிற்சாலை விஷயங்களை, பிரேக் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் விசாரித்தேன். அவரிடம் கதைக்காக என்றேன். பிரேக் சிலிண்டர் என்பது விரல் நீளத் துவாரம் உள்ள ஓர் உலோகத் துண்டு. உள்ளே ஒரு ரப்பர் வளையம் முன்னும் பின்னும் ஓடும். உள்சுவரில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். "காத்து ஏத்தியும் சோதிப்போம் சார், ஆனா அந்தக் கீறல் அப்ப மாட்டாது. வண்டி ஓடி ஓடி ரப்பர் தேஞ்ச பிறகுதான் எண்ணெய் கசியும்" என்றார் அவர். அதனால்தான் ஒரு மனிதக் கண் அங்கே தேவைப்படுகிறது. பேனா போன்ற ஒரு குழல். அதை ஸ்கோப் என்கிறார்கள். ஒரு முனை துவாரத்துக்குள், மறுமுனை கண்ணில்.

"வருஷா வருஷம் கண் சோதனை உண்டா?"

"உண்டு சார். சுவத்துல எழுத்தைப் படிக்கணும்."

"ரெண்டு கண்ணையும் தொறந்தா, ஒவ்வொண்ணா மூடியா?"

அவர் விழித்தார். "மூடித்தான் படிக்கணும். ஆனா கூட்டமா நிப்பாங்களா, சீக்கிரம் சீக்கிரம்னு அனுப்பிடுவாங்க. ஏன் சார், உங்க கதையில கண் டாக்டர் வராரா?"

5

சுகுணா என் மனைவி. கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் அலுவலகத்தில் இருக்கிறாள். என் கதைகளுக்கு முதல் வாசகி, முதல் எதிரியும் அவளே. மூன்றாவது பகுதி வரை படிக்கக் கொடுத்தேன்.

"ஏங்க, அந்தப் பொண்ணு இன்னா கேட்டுச்சுன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"கேமரா கடைசியா எப்ப சரியா இருந்துச்சுன்னு கேட்டா."

"கிழிஞ்சுது. நீங்கல்லாம் மர்மக் கதை எழுதறீங்க." தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க ஆலையில கூழ் காய்ச்சற தொட்டிக்கு ஒரு தெர்மாமீட்டர் இருக்குது. ஒருநாள் அது தப்பாக் காட்டுதுன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க? புதுசு மாட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"பின்ன?"

"அது கடைசியா எப்ப சரியாக் காட்டுச்சுன்னு தேடுவாங்க. அன்னியிலேருந்து அடைச்ச டின் அத்தனையும் சந்தேகம். குடோன்ல இருக்கறதை நிறுத்துவாங்க, லாரியில ஏறினதை இறக்குவாங்க, கடைக்குப் போனதைக்கூடத் திருப்பிக் கேப்பாங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் இதுதான் வழக்கம். அளக்கற சாமான் பொய் சொன்னா, அது அளந்தது எல்லாமே பொய்."

அவள் மடியிலிருந்த தாளை எடுத்து அந்த வரியைத் தேடினேன்.

"அந்தப் பொண்ணு கேட்டது அதோட கண்ணைப் பத்திங்க. எப்ப கடைசியா சரியா இருந்துச்சுன்னு தெரியாம எத்தினி பிரேக்கைப் பாஸ் பண்ணுச்சோன்னு அங்கேயே அதுக்கு உதறல் எடுத்துருக்குது. நீங்க பக்கத்துல குந்திக்கினு ரஷ்யா கேமராவ எடை பாத்துக்கினு இருந்திருக்கீங்க."

"அவ சொல்லிடுவான்னு நினைக்கிறியா?"

"சொன்னா வேலை போவும். பர்மனென்ட் ஆயிருந்தாலாவது வேற செக்ஷனுக்கு மாத்துவாங்க. ட்ரெயினீயா இருந்தா கேட் வரைக்கும் வந்து டாட்டா காட்டுவாங்க." எழுந்து போனவள் சமையலறையிலிருந்து திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏங்க, நம்ம ஸ்கூட்டர் பிரேக்கு எங்க செஞ்சது?"

கீழே போய் வண்டியின் முன் குனிந்து பார்த்தேன். சிலிண்டரின் மேல் ஏதோ எழுத்துகள் இருந்தன. படிக்க முடியாத அளவு சேறு. துடைக்கலாம். துடைக்காமல் மேலே வந்துவிட்டேன்.

6

முடிவுகள். மூன்றையும் எழுதினேன், மூன்றையும் சுகுணாவிடம் காட்டினேன்.

(அ) திங்கட்கிழமை காலை. மோகனப்ரியா தர மேலாளரின் அறைக்குள் போகிறாள். "சார், என் கண்ணு தப்பு. நான் பாத்ததை எல்லாம் நிறுத்திருங்க." கண்ணீர் வழிகிறது. மேலாளர் எழுந்து நின்று

இதை ஏன் விட்டேன் என்றால், அவர் எழுந்து நின்று என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கை கொடுப்பாரா? அடையாள அட்டையைக் கழற்றித் தரச் சொல்வாரா? என் பேனா இரண்டையும் ஒரே சுலபத்தோடு எழுதியது. அப்படி எழுத வந்தால் இரண்டுமே பொய் என்பது என் அனுபவம். அதோடு, அவளை இவ்வளவு நல்லவளாக்கியது அவளுக்காக இல்லை. நான் நிம்மதியாகச் சூளகிரி இறக்கத்தில் வண்டி ஓட்ட.

(ஆ) திங்கட்கிழமை காலை. மோகனப்ரியா குழலை இடது கண்ணுக்கு மாற்றிக்கொள்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கையால் போகும் ஒவ்வொரு பாகமும் சுத்தம். ஏற்கெனவே போனது போனதுதான்.

இதில் வெட்ட ஒரு சொல்கூட இல்லை. எழுதி முடித்துப் படித்தபோது, நானாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன் என்று தோன்றியது.

(இ) அந்த ஸ்கூட்டர். அந்தக் குழந்தை. நான்கு பக்கம். என் வாசகர்கள் கைதட்டும் வேகத்தில்.

சுகுணா மூன்றாவதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "செத்துப்போற கொழந்தைக்குப் பேரு வெச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

பேனாவை மூடி வைத்தேன்.

"அப்ப கிழிங்க."

கிழிக்கவில்லை. கிழித்ததாக அவளிடம் சொன்னேன்.

7

அடுத்து நடந்ததை நான் எழுதவில்லை. என் தலையில் வந்து விழுந்தது.

கேமரா விவரங்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்க, எழுதியது அத்தனையையும் திருமலைக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். முடிவுகள் உட்பட. மறுநாள் போன் செய்தார். குரலில் குதூகலம்.

"சார், சூப்பர்! என்னைய அப்படியே இறக்கிட்டீங்க. அந்தத் தங்கச்சிக்கும் அனுப்பிட்டேன் சார். கதையில வந்துருக்கோம்னு சந்தோஷப்படும்ல?"

"யாருக்கு?"

"அதான், மூணையும் வேணாம்னுச்சே. போன வாரம் திரும்பி வந்து அந்தக் கறுப்பையே வாங்கிட்டுப் போச்சு. நம்பர் இருந்துது, அனுப்பிட்டேன்."

"முடிவு மூணையுமா?"

"ஏன் சார், முழுசா படிச்சாத்தானே நல்லாருக்கும்?"

திருமலையை நான் திட்டவில்லை. அவருக்கு அது கேமராக் கதை. படித்து முடித்தும் அவருக்கு அது கேமராக் கதையாகவே இருந்தது.

இரண்டு நீல டிக் விழுந்ததை அவர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். அவளிடமிருந்து பதில் இல்லை. நான் தொடருக்கு அந்த வார அத்தியாயத்தை எழுத உட்கார்ந்து, வில்லனை அடிக்காமல் எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். போன் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும், தொழிற்சாலையின் வக்கீல், அல்லது அவள் அப்பா, அல்லது போலீஸ் என்று நினைத்தேன். வந்ததென்னவோ ஒரு குறுஞ்செய்தி. "சார் உங்கள நேர்ல பாக்கணும். மோகனப்ரியா." (நிஜப் பெயரில்தான் வந்தது. நான் இங்கே மாற்றியிருக்கிறேன்.)

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. நல்ல வெயில். கறுப்புக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தனியாக வந்தாள். டீ சொன்னேன். அவள் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். திரையில் என் கதை.

"கேமராவைப் பத்தி எழுதினது எல்லாம் சரியா இருக்கு சார். என்னையப் பத்தினதுதான் சரியில்ல."

"எது சரியில்ல?"

"முடிவு மூணும் வேண்டாம்." அன்று கேமராக்களை ஒதுக்கிய அதே குரல். "மொதல்ல உள்ளதுல நான் அழுதேன். மேனேஜர் முன்னாடி நான் எதுக்கு அழப்போறேன்? மூணாவதுல நீங்க யாரையோ கொன்னுட்டிய."

"ரெண்டாவது?"

டீயை ஊதினாள். "அதுவும் வேண்டாம்."

"கண் டாக்டரைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன். வலது கண்ணுல கோளாறுதான். முன்பக்கம் கூம்பு மாதிரி எழும்புதாம். இந்த வயசுலதான் வருமாம். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சிருந்தா இடது கண்ணு இழுத்துப் பிடிச்சிரும், நமக்கே தெரியாதாம். லென்ஸ் தந்திருக்காக."

"அப்ப அந்தப் பிரேக்..."

"அதைச் சொல்லத்தான் சார் வந்தேன். நான் ஸ்கோப்பை இடது கண்ணுலதான் வப்பேன். எப்பவும் அப்படித்தான்."

பேக்கரியில் யாரோ முட்டை பப்ஸ் கேட்டார்கள். பெங்களூர் பேருந்துக்காரர் "ஒசூர் ஒசூர்" என்று கத்தினார். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. உடனே, தொழில் புத்தி, அது மறுபடி ஏறியது.

"திருமலை வீட்டில மூணு கேமராவையும் முதல்ல வலது கண்ணுலதான் வச்ச."

"கேமரா வேற, ஸ்கோப்பு வேற. நீங்க வலது கைலதான எழுதுதிய? போனு எந்தக் காதுல பேசுவிய?"

இடது காதில். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"பின்ன அன்னிக்கு ஏன் அப்படிப் பயந்த?"

"கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா யாருக்கும் பயம் வராதா சார்?"

"கடைசியா எப்ப சரியா இருந்துச்சுன்னு கேட்டியே?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டேனா?"

"கேட்ட."

"நீங்க எழுதியிருக்கிய. நான் கேட்டேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

கேட்டாள். கேட்டதாகத்தான் நினைக்கிறேன். ஒரு கணம், அந்த வரியை நான்தான் அங்கே வைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பகுதிகளின் முடிவில் ஒரு கொக்கி வைப்பது என் பழக்கம். திருமலையிடம் கேட்கலாம். ஆனால் அவர் இப்போது கதையைப் படித்துவிட்டார், கேட்டதாகத்தான் சொல்வார்.

"அசையாம இருங்க சார், ஒரு போட்டோ எடுக்கேன்."

கேமராவைத் தூக்கினாள். இடது கண்ணில் வைத்தாள். பிலிமை நகர்த்தும் நெம்புகோல் அவள் நெற்றியில் இடித்தது. முகத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மறுபடி வைத்தாள். இடது கண்ணுக்குப் பழகாதவள் என்பதால் இடித்ததா? கேமரா அவளுக்குப் புதிது என்பதால் இடித்ததா? அல்லது டாக்டர் சொன்ன பிறகு எல்லாவற்றையுமே இடதுக்கு மாற்றிக்கொண்டாளா? என்னைப் போன்ற ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் என்னத்தைப் பார்க்கிறான் என்பதையும் அவனே எழுதி அவளுக்கு அனுப்பியிருந்தான்.

வளையம் மெல்லத் திரும்பியது. ஷட்டர் விழுந்தது.

"கதையைப் போடுங்க சார். பேரை மட்டும் மாத்திருங்க." எழுந்துகொண்டே சொன்னாள். "இடது கண்ணுன்னு எழுதிருங்க."

8

எழுதிவிட்டேன், மேலே இருக்கிறது. இதோடு முடித்திருக்கலாம். பேருந்தில் ஏறினாள், கையசைத்தாள், முற்றும். சுகுணா விடவில்லை.

"நம்பறீங்களா?"

"நம்பணும்னு இருக்கு."

"அது வேற. நம்பறீங்களா?"

"போய்ப் பாத்தாலும் தெரியாது. இப்ப இடது கண்ணாலதான் பாப்பா. முன்னாடி எந்தக் கண்ணுன்னு அவளைத் தவிர யாருக்கும்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. ஏனென்றால் அது தவறு என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. அவள் மேஜைக்கு நாள் முழுக்கத் தட்டுகளைக் கொண்டுபோய் வைக்கிற ஒருவன் இருக்கிறான். எத்தனையோ முறை அவள் குழலைத் தூக்கிக் கண்ணில் வைப்பதைப் பார்த்தவன். சுகுணாவும் அதே நேரம் அதையே நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

"அந்தத் தம்பி நம்பர் வாங்குங்க."

திருமலை தந்தார், காரணம் கேட்காமல். மதிய உணவு இடைவேளையில் கூப்பிட்டேன். பின்னணியில் தட்டுகளின் சத்தம், யாரோ சாம்பாரைத் திட்டும் குரல். கௌதம் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

"சார், மண்டைய உடைக்கதுக்குக் கேமரா கேட்டியளே, அந்த சார்தான? உடைச்சாச்சா?"

"இன்னும் இல்ல தம்பி. ஒரு சின்ன விஷயம். உங்க அக்கா முன்னாடி எல்லாம் ஸ்கோப்பை எந்தக் கண்ணுல வச்சுப் பாப்பாங்க? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி?"

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அக்கா அவனுக்கு எதையும் சொல்லி வைக்கவில்லை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது. இரண்டு கண்களில் ஒன்றின் பெயரைச் சட்டென்று சொன்னான்.

அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு கண்ணை எழுதினால் இது ஒன்றுமே நடக்காத கதை. நீங்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக வண்டியை எடுப்பீர்கள். இன்னொரு கண்ணை எழுதினால் ஒருத்தியின் வேலையை நான் பறித்தவனாவேன், அல்லது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவனாவேன். ஆகவே அந்த இடத்தைப் புள்ளிகளாக விடுகிறேன். பேனாவால் நிரப்புங்கள், பென்சில் வேண்டாம்.

"................. கண்ணுலதான் சார். ஏன் கேக்கிய?"

அடுத்த வரியை மட்டும் நீங்கள் மாற்ற முடியாது. அவன் எந்தக் கண் என்று சொல்லியிருந்தாலும், அதற்கு நான் சொன்ன பதில் இதுதான்.

"சும்மாதான் தம்பி. கதைக்கு."